மீன் இல்லாத மாதங்களில்தான் வேலை: சால்மன் ஓடை பற்றி வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஓடையில் இறங்கி, தண்ணீர் எவ்வளவு சூடு, ஆக்சிஜன் எவ்வளவு, கல்லுக்கு அடியில் என்ன பூச்சி என்று மாதாமாதம் குறித்து வருவதைப் பற்றிப் போன இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். கடலுக்குப் போன சால்மன் மீன் முட்டையிடத் திரும்பி வரும் ஓடைகள் அவை. அந்தக் குறிப்புக்கு நிறைய கடிதங்கள் வந்திருக்கின்றன, பெரும்பாலும் பெற்றோர்களிடமிருந்து. அதனால் இந்த இதழ்ப் பகுதி முழுக்க ஓடைக்கே.

கேள்வி (பெல்வியூவிலிருந்து ஒரு வாசகி): என் மகள் ஏழாம் வகுப்பு. ஓடைக்குப் போகிறேன் என்று போய் நனைந்து, சேறும் சகதியுமாக வருகிறாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை எடுக்கிற அளவை யார் மதிக்கப் போகிறார்கள்? விஞ்ஞானிகள் செய்ய வேண்டிய வேலை இல்லையா இது?

விஞ்ஞானிகளும் செய்கிறார்கள் அம்மா. ஆனால் புஜட் சவுண்ட் கடலில் வந்து சேரும் ஆறும் ஓடையும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அரசு ஊழியர்கள் பெரிய ஆறுகளைப் பார்ப்பார்கள், சில ஓடைகளை ஆண்டுக்கு ஒரு முறை எட்டிப் பார்ப்பார்கள். உங்கள் மகளின் பள்ளிக்குப் பின்னால் ஓடுகிற, வரைபடத்தில் பெயர்கூடப் போடாத ஓடைக்கு மாதாமாதம் வர அவர்களிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை. அங்கே பிள்ளைகள் எடுக்கும் அளவைத் தவிர வேறு அளவே இருக்காது.

அந்த அளவு நம்பும்படி இருக்குமா என்பது நியாயமான சந்தேகம். அது வயதைப் பொறுத்ததல்ல, ஒழுங்கைப் பொறுத்தது. ஒவ்வொரு மாதமும் அதே இடம், ஏறக்குறைய அதே நேரம், அதே முறை. ஒரே தண்ணீரை இரண்டு குழுக்கள் தனித்தனியாக அளந்து ஒப்பிட வேண்டும். கருவியைப் போவதற்கு முன் சரிபார்க்க வேண்டும். எழுதிய எண் தப்பென்று தோன்றினாலும் அழிக்கக் கூடாது, மேலே ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாக எழுத வேண்டும். இதையெல்லாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பெரியவர்களைவிட ஒழுங்காகவே செய்வார்கள். சட்ட நடவடிக்கை எடுக்கும் அளவுக்கு இது போதாதுதான், அதற்கு அரசு அங்கீகரித்த ஆய்வகம் வேண்டும். ஆனால் எங்கே ஏதோ சரியில்லை என்று முதலில் கை காட்டுவது பல சமயம் இந்த மாதிரிப் பட்டியல்தான்.

பிள்ளைகளால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் பெட்டலூமா ஊரைச் சொல்வேன். அங்கே அடோபி கிரீக் என்று ஒரு ஓடை. ஊருக்குத் தண்ணீர் எடுத்து எடுத்து, குப்பையும் கொட்டி, செத்த ஓடை என்று எல்லாரும் கைவிட்டது. 1983இல் காசா கிராண்டே உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். குப்பையை அள்ளினார்கள், கரையில் மரம் வைத்தார்கள், ஓடைக்குத் தண்ணீர் விடச் சொல்லி ஊரை விடாமல் கேட்டார்கள். பள்ளிக்கூட வளாகத்திலேயே ஒரு மீன் பொரிப்பகம் கட்டப் பல ஆண்டுகள் பணம் திரட்டி 1993இல் திறந்தும் விட்டார்கள். சால்மனுக்கு நெருங்கிய உறவான ஸ்டீல்ஹெட் மீன் அந்த ஓடைக்குத் திரும்பியது.

கேள்வி (சென்னையிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கும் ஒரு வாசகர்): அக்டோபரில் இசக்குவா ஊருக்குச் சால்மன் திருவிழா பார்க்கக் கூட்டிப்போனார்கள். ஓடையோரம் பார்த்தால் பெரிய பெரிய மீன்கள் தோல் உரிந்து செத்துக் கிடக்கின்றன, ஒரே நாற்றம். தண்ணீர் இவ்வளவு கெட்டுப்போயிருக்கும்போது எதற்குத் திருவிழா?

தண்ணீர் கெட்டு அவை சாகவில்லை ஐயா. பசிபிக் சால்மன் எல்லாமே முட்டையிட்டதும் செத்துப்போகும், அதன் பிறவியே அப்படி. கடலில் சில ஆண்டுகள் தின்று கொழுத்துவிட்டு, பிறந்த ஓடையை மணத்தை வைத்தே அடையாளம் கண்டு ஏறி வரும். நன்னீரில் நுழைந்த பிறகு தின்பதே இல்லை. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பையும் தசையையும் எரித்துத்தான் அவ்வளவு தூரம் நீந்துகிறது. பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து வாலால் சரளைக் கல்லை அடித்து அடித்துக் குழி பறிக்கும். நீங்கள் பார்த்த மீன்களில் சிலவற்றுக்கு வால் ஓரம் வெள்ளையாகத் தேய்ந்திருந்திருக்கும், குழி பறித்த தேய்மானம்தான் அது. ஆயிரக்கணக்கான முட்டைகளை அதில் இட்டு, மேலே கல்லைத் தள்ளி மூடிவிட்டுச் சில நாள் காவல் காத்துச் சாகும்.

செத்த உடம்பும் வீணாவதில்லை. கழுகு, கரடி, ரக்கூன், பூச்சி எல்லாம் அதைத் தின்னும். கடலிலிருந்து மீன் கொண்டு வந்த நைட்ரஜன் கரையோர மரங்களுக்குள் போயிருப்பதை விஞ்ஞானிகள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். அடுத்த வசந்தத்தில் கல்லுக்குள்ளிருந்து வெளியே வரும் குஞ்சுக்குச் சாப்பாடாகும் பூச்சிகளும் அந்த உடம்பைத் தின்று வளர்ந்தவைதான். ஆகவே நாற்றம் வந்தால், அந்த ஓடைக்கு அது நல்ல ஆண்டு. இசக்குவாவில் இருக்கும் மீன் பொரிப்பகம் 1936இல் கட்டியது, இன்றைக்கும் சினூக், கோஹோ என்ற இரண்டு வகைச் சால்மனும் அங்கே ஏறி வருகின்றன.

கவலைப்பட வேண்டிய சாவு வேறு ஒன்று இருக்கிறது. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

கேள்வி (ரெண்டனிலிருந்து ஒரு வாசகர்): கார் டயரால் மீன் சாகிறது என்று பையன் பள்ளியில் கேட்டுவிட்டு வந்து, நான் கார் எடுக்கும்போதெல்லாம் முறைக்கிறான். நிஜம்தானா?

நிஜம்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஓடையை அளப்பது எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

மேற்கு சியாட்டிலில் லாங்ஃபெலோ கிரீக் என்று ஓர் ஓடை. நிறைய செலவு செய்து அதைச் சீர்படுத்தினார்கள். கோஹோ சால்மன் திரும்பி வந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் ஏறி வந்த மீன்களை எண்ணப் போனவர்கள் ஒரு விபரீதத்தைப் பார்த்தார்கள். பளபளவென்று ஆரோக்கியமாக இருக்கும் மீன் திடீரென்று மேலே வந்து வாயைப் பிளக்கும், நிலை தடுமாறி வட்டமடிக்கும், சில மணி நேரத்தில் செத்துவிடும். பெண் மீனின் வயிற்றைக் கீறிப் பார்த்தால் முட்டை அத்தனையும் உள்ளேயே இருக்கும். மழை பெய்தால் இது நடந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு பல பருவங்கள் எண்ணியதில், நகர ஓடைகளில் சில ஆண்டு வந்த கோஹோவில் பாதிக்கு மேல், சில ஆண்டு ஏறக்குறைய எல்லாமே, முட்டையிடாமல் செத்திருந்தன. பூச்சிமருந்தா, கன உலோகமா, நோயா என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். எதுவுமில்லை.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டகோமா வளாகமும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, டயர் துகள் ஊறிய தண்ணீரைப் பிரித்துப் பிரித்து, எந்தப் பகுதி மீனைக் கொல்கிறது என்று பார்த்துக்கொண்டே போனார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு பொருள்: 18 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். ஆனால் டயரில் சேர்க்கும் பொருள்களின் பட்டியலில் அது இல்லை. அப்புறம்தான் பிடிபட்டது. காற்றில் உள்ள ஓசோன் பட்டு டயரில் விரிசல் விழாமல் இருக்க 6பிபிடி என்ற பொருளைச் சேர்க்கிறார்கள், அது ஓசோனோடு வினை புரிந்து 6பிபிடி-குவினோன் ஆகிறது. கொலையாளி அதுதான். 2020 டிசம்பரில் சயின்ஸ் இதழில் வெளியானது. ஒரு லிட்டர் தண்ணீரில் 95 நானோகிராம் இருந்தால் இளம் கோஹோவில் பாதி ஒரே நாளில் சாகும் என்று பிறகு கணக்கிட்டார்கள். 25 லட்சம் லிட்டர் பிடிக்கும் ஒலிம்பிக் நீச்சல் குளம் முழுவதற்கும் அது கால் கிராம்கூட இல்லை.

இதில் என்னை மிகவும் வருத்துவது காலக்கணக்கு. கோடை முழுக்கச் சாலையில் டயர் தேய்ந்த தூள் படிந்து கிடக்கும். இலையுதிர் காலத்தின் முதல் பெருமழை அத்தனையையும் வடிகால் வழியாக ஓடைக்குள் தள்ளும். கடலில் காத்திருக்கும் கோஹோவுக்கும் ஏறி வரச் சமிக்ஞை அதே மழைதான். அதே தண்ணீரில் சம் என்ற இன்னொரு வகைச் சால்மனுக்கு ஒன்றும் ஆவதில்லை என்பது இன்னொரு புதிர்.

வழியும் இருக்கிறது. அந்தச் சாலைத் தண்ணீரையே மணலும் மக்கிய உரமும் கலந்த மண் வழியாக வடித்துவிட்டுச் சோதித்தார்கள், ஒரு கோஹோவும் சாகவில்லை. சியாட்டில் தெருவோரங்களில் செடி வைத்த பள்ளங்கள் பார்த்திருப்பீர்களே, அவை அழகுக்காக மட்டும் வைத்தவை இல்லை. யூராக், போர்ட் கேம்பிள் ஸ்கலாலம், புயாலப் ஆகிய மூன்று பூர்வகுடிகள் 2023இல் மனு கொடுத்து, டயரில் 6பிபிடியை ஒழுங்குபடுத்துவது பற்றிப் பரிசீலிக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒப்புக்கொண்டது. அதுவரை உங்கள் பையன் முறைத்தால் முறைக்கட்டும், பஸ்ஸில் போக முடிகிற நாளில் பஸ்ஸில் போங்கள்.

கேள்வி (ரெட்மண்ட் வாசகி): பிள்ளைகள் சரியாக என்னதான் அளக்கிறார்கள்? "டிஓ, பிஎச், டர்பிடிட்டி" என்று மகன் ஒப்பிக்கிறான், எனக்கு ஒன்றும் புரியவில்லை.

முதலில் வெப்பநிலை. சால்மன் குளிர்ந்த தண்ணீர் மீன். வாஷிங்டன் மாநில விதிப்படி, கோடையில் சால்மன் வளரும் முக்கியமான ஓடைகளில் ஏழு நாள் உச்ச வெப்பத்தின் சராசரி 16 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. மற்ற சால்மன் ஓடைகளுக்கு 17.5. 22, 23 டிகிரியைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

அடுத்தது டிஓ, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். தண்ணீர் சூடாக ஆக அது பிடித்துவைக்கும் ஆக்சிஜன் குறையும்: 10 டிகிரியில் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் வரை கரையும், 20 டிகிரியில் 9.1தான். சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் வாங்கும், கிடைப்பதோ குறைவு, இரண்டு பக்கமும் அடி.

இதை அளக்கும் முறை பார்க்கவே நன்றாக இருக்கும். சின்னக் கண்ணாடிக் குப்பியைத் தண்ணீருக்குள் முக்கி, உள்ளே ஒரு குமிழிகூட இல்லாமல், தண்ணீருக்குள்ளேயே மூடியைத் திருக வேண்டும். குமிழி இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி. பிறகு கரையில் உட்கார்ந்து இரண்டு மருந்துகளைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினால் பழுப்புத் திரி திரியாக ஏதோ உருவாகி மெல்ல அடியில் படியும். அமிலம் விட்டால் திரி கரைந்து தண்ணீர் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு ஆக்சிஜன். ஸ்டார்ச் விட்டதும் கருநீலமாகும். இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட, ஏதோ ஒரு சொட்டில் நீலம் சட்டென்று மறைந்து தண்ணீர் தெளிந்துவிடும். அந்த இடத்தில் நிறுத்தி, எவ்வளவு மருந்து செலவானது என்று பார்த்தால் விடை. எத்தனை வம்பு பண்ணுகிற பிள்ளையும் அந்தக் கடைசிச் சொட்டுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்காரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், மீந்த மருந்தை ஒரு பாட்டிலில் ஊற்றிப் பள்ளிக்கே எடுத்துப்போக வேண்டும், ஓடையில் ஊற்றக் கூடாது.

பிஎச் 6.5க்கும் 8.5க்கும் நடுவில் இருந்தால் போதும், அதில் பெரிதாக ஆச்சரியம் வராது. டர்பிடிட்டி என்பது கலங்கல். முட்டை கல்லுக்குள் மாதக்கணக்கில் கிடக்கிறதே, கல் இடுக்கில் தண்ணீர் ஓடினால்தான் அதற்கு மூச்சு. மேலே எங்கோ வீடு கட்ட மண்ணைத் தோண்டிப் போட்டு, அது மழையில் வந்து இடுக்கை அடைத்தால் முட்டை உள்ளேயே செத்துப்போகும்.

பள்ளி நேரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, ஆசிரியர்களுக்கும் இதைச் சொல்லிவருகிறேன். பிள்ளைகள் போவது காலை பத்து, பதினொரு மணிக்கு. ஓடை அதிகம் சூடாவது சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்கு, அதுவும் ஆகஸ்டில், பள்ளி மூடியிருக்கும்போது. ஆக்சிஜன் மிகவும் குறைவது விடியலுக்கு முன்னால். இரண்டு மோசமான நேரமும் பள்ளிக் கணக்கில் விழாது. எல்லா மாதமும் நல்ல எண் வருகிறதே, ஓடை நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். அதனால் அரை மணிக்கு ஒரு தடவை தானாகவே வெப்பத்தைப் பதியும் சின்னக் கருவி ஒன்றை நிழலான இடத்தில் தண்ணீருக்குள் கட்டிவிட்டு, செப்டம்பரில் எடுத்துக் கணினியில் போட்டுப் பார்ப்பது மிகவும் முக்கியம். இந்த வேலையில் மீன் வரும் நவம்பருக்குக் கூட்டம் தானாக வரும். மீன் கண்ணில் படாத ஆகஸ்டில் ஓடைக்குப் போக ஆள் வேண்டும். கோஹோ குஞ்சு ஓராண்டுக்கு மேல் ஓடையிலேயே இருந்துவிட்டுத்தான் கடலுக்குப் போகிறது, அது பிழைக்குமா இல்லையா என்பது அந்தக் கோடையில்தான் தெரியும்.

கேள்வி (பாத்தல் வாசகர்): மீனைப் பற்றிக் கேட்டால் பூச்சியைப் பற்றியே பேசுகிறாளே என் பெண்?

சரியாகத்தான் பேசுகிறாள். தெர்மாமீட்டர் சொல்வது அந்த நிமிடத்துக் கதை. பூச்சி ஓராண்டுக் கதையைச் சொல்லும். மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ்ஃப்ளை ஆகிய மூன்றின் இளம்பருவமும் கல்லுக்கு அடியில்தான் வளரும், ஸ்டோன்ஃப்ளையில் சில வகை ஓராண்டுக்கும் மேலே அங்கேயே கிடக்கும். போன மாதம் யாரோ பெயிண்டை வடிகாலில் ஊற்றியிருந்தால் இன்றைக்குத் தண்ணீர் சுத்தமாகக் காட்டலாம், ஆனால் ஸ்டோன்ஃப்ளை இருக்காது. புழுவும் அட்டையும் மட்டும் இருந்தால் அந்த ஓடையில் ஏதோ தொடர்ந்து கோளாறு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கார் போன்றவர்கள் இதை மதிப்பெண் முறையாகவே ஆக்கினார்கள், புஜட் சவுண்ட் வட்டாரம் முழுக்க இப்போது அந்த முறைதான்.

கேடிஸ்ஃப்ளை புழுவைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். சின்னச் சின்ன மணலையும் குச்சியையும் பட்டுநூலால் ஒட்டித் தனக்கென்று ஒரு குழாய் வீடு கட்டிக்கொண்டு, தலையை மட்டும் நீட்டி நடக்கும்.

கேள்வி (சமாமிஷ் வாசகி): வகுப்பில் மீன் தொட்டி வைத்து முட்டையிலிருந்து குஞ்சு பொரித்து ஓடையில் விடுகிறார்கள். அப்படியானால் சால்மனைக் காப்பாற்றிவிடலாம்தானே?

அதனால் காப்பாற்ற முடியாது, பிள்ளைகளிடமும் இதை மறைக்கக் கூடாது என்பது என் கருத்து. ஜனவரி வாக்கில் முட்டை வரும், குளிரூட்டும் கருவி வைத்த தொட்டியில் வளரும், வசந்தத்தில் ஓடையில் விடுவார்கள். காலையில் வந்ததும் பிள்ளைகள் தொட்டி வெப்பத்தைப் பார்த்து, அன்றன்றைய டிகிரியைக் கூட்டிக்கொண்டே போய், எந்த வாரம் பொரியும் என்று கணக்குப் போட்டுச் சொல்வார்கள். அருமையான பாடம். ஆனால் ஒரு தொட்டியில் இருப்பது இருநூறு, இருநூற்றைம்பது குஞ்சு. இயற்கையான ஓடையில் ஆயிரக்கணக்கான முட்டையில் முதிர்ந்து திரும்புவது ஒன்றிரண்டுதான். ஓடை சரியில்லை என்றால் எத்தனை தொட்டி வைத்தாலும் பலனில்லை.

சியாட்டிலின் கார்கீக் பூங்காவில் பைப்பர்ஸ் கிரீக் என்று ஓடை. அதில் சால்மன் அற்றுப்போயிருந்தது. சுக்வாமிஷ் பூர்வகுடியினர் தங்கள் பொரிப்பகத்திலிருந்து சம் சால்மன் கொடுத்து உதவ, பள்ளிப் பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும் ஆண்டுதோறும் குஞ்சு விட்டு, இப்போது நவம்பரில் போனால் மீன் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். ஆனால் குஞ்சு விடுவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் உண்மையான கேள்வி, அதற்குப் பதில் மேலே உள்ள தெருக்களிலிருந்து என்ன தண்ணீர் வருகிறது என்பதில் இருக்கிறது.

அப்புறம் ஒன்று: அனுமதி இல்லாமல் எந்த மீனையும் எந்த ஓடையிலும் விடக் கூடாது. வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் தங்கமீன் உட்படத்தான்.

கேள்வி (கென்ட் வாசகர்): ஓடையைச் சுத்தம் செய்யப் போனோம். விழுந்து கிடந்த பெரிய மரத்தை இழுத்துப் போடலாம் என்றால் ஆசிரியர் தடுத்துவிட்டார். மீனுக்கு வழி வேண்டாமா?

ஆசிரியர் செய்தது சரி. மரம் கிடந்தால் அதற்குக் கீழே தண்ணீர் சுழன்று ஆழமான குழி விழும், குஞ்சுக்கு ஒளிய இடம் கிடைக்கும், சரளை தங்கும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அரசு ஆட்களே மீனுக்கு வழி விடுகிறோம் என்று ஓடை ஓடையாக மரத்தை அகற்றினார்கள். இன்றைக்கு லட்சக்கணக்கில் செலவு செய்து, எந்திரம் வைத்து, அதே மாதிரி மரத்தைத் திரும்பக் கொண்டுவந்து போடுகிறார்கள். பிளாஸ்டிக்கை எடுங்கள், முள்ளாகப் படரும் ஹிமாலயன் பிளாக்பெர்ரியை வெட்டுங்கள், அந்த இடத்தில் வில்லோ வையுங்கள். அது சுலபம், நம் ஊரில் முருங்கைப் போத்து ஊன்றுவது போலவேதான்: குளிர்காலத்தில் கிளையை வெட்டி ஈரமண்ணில் ஆழமாகக் குத்திவிட்டால் தளிர்த்துவிடும். சில ஆண்டில் தண்ணீருக்கு நிழல்.

மீனுக்கு நிஜமான தடை சாலைக்கு அடியில் போகும் குழாய்கள். வெளியே விழும் தண்ணீர் உயரத்திலிருந்து கொட்டினால் மீன் தாவி ஏற முடியாது. பூர்வகுடிகளுக்கு 1850களின் ஒப்பந்தங்கள் மீன்பிடி உரிமை கொடுத்திருக்கின்றன, பிடிக்கத்தக்க மீனில் பாதி அவர்களுடையது என்று 1974இல் நீதிபதி போல்ட் தீர்ப்பளித்தார். மீனே ஏற முடியாத குழாயைப் போட்டுவிட்டு உரிமை மட்டும் கொடுத்து என்ன பயன் என்று அவர்கள் போட்ட வழக்கில், குழாய்களை மாற்றச் சொல்லி மாநிலத்துக்கு 2013இல் உத்தரவு வந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் 4-4 என்று பிரிந்ததால் அந்த உத்தரவு நிலைத்தது. உங்கள் பிள்ளைகளின் ஓடையில் அப்படிக் குழாய் இருந்தால், வாய் எவ்வளவு உயரம், கீழே குழி எவ்வளவு ஆழம் என்று அளந்து படத்தோடு எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (கனடா, ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகி): நீங்கள் எப்போதும் மேற்குக் கரையைப் பற்றியே எழுதுகிறீர்கள். எங்கள் ஹைலண்ட் கிரீக்கிலும் சால்மன் வருகிறதே, தெரியாதா?

தெரியும் அக்கா, கேட்டதற்கு நன்றி. இத்தனை தமிழ்க் குடும்பங்கள் நடைபோகும் சால்மன் ஓடை வேறு எதுவும் இருக்காது. செப்டம்பர், அக்டோபரில் மார்னிங்சைட் பூங்காப் பக்கம் பெரிய சினூக் ஏறுவதைப் பாலத்தில் நின்றே பார்க்கலாம். ஆனால் கதை வேறு. ஒன்டாரியோ ஏரியின் சொந்த மீன் அட்லாண்டிக் சால்மன். அணையும் மர ஆலையும் காடழிப்பும் அளவில்லாத மீன்பிடியும் சேர்ந்து 1890களின் முடிவுக்குள் அதை அற்றுப்போகச் செய்துவிட்டன. இப்போது நீங்கள் பார்க்கும் சினூக் 1960களின் கடைசியிலிருந்து பசிபிக்கிலிருந்து கொண்டுவந்து விட்ட இனம். அட்லாண்டிக் சால்மனை மீட்க 2006இலிருந்து தனி முயற்சி நடக்கிறது.

உங்கள் ஓடைக்குத் தனிப் பகை உப்பு. பனிக்காலத்தில் சாலையில், கடை வாசலில், வீட்டு வாசலில் கொட்டும் உப்பு அத்தனையும் ஓடைக்குத்தான் வருகிறது. நன்னீர் உயிர்களுக்கு நீண்ட கால அளவில் லிட்டருக்கு 120 மில்லிகிராம் குளோரைடு, குறுகிய காலத்துக்கு 640 என்று கனடா வழிகாட்டி சொல்கிறது. பிப்ரவரியில் பனி உருகும் நாளில் பிள்ளைகள் உப்பு கூடினால் கூடும் மின்கடத்துத் திறனை அளக்கும் கருவியைக் கொண்டுபோய்ப் பார்க்கட்டும், எண் எப்படி ஏறுகிறது என்று அவர்களே சொல்வார்கள். அப்புறம் வாசலில் உப்பைக் கைநிறைய வாரி இறைக்க உங்களை விடமாட்டார்கள்.

கேள்வி (சியாட்டில் வாசகர்): குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாமா? நாயையும் கூட்டிப்போகலாமா? மீனைப் பிடித்து வந்து குழம்பு வைக்கலாமா?

போகலாம், கரையில் நின்று பாருங்கள். இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரை தண்ணீருக்குள் கால் வைக்காதீர்கள். சுற்றிலும் பாசி படிந்த கல், நடுவில் மட்டும் வெளுத்துச் சுத்தமாக ஒரு திட்டு தெரிந்தால் அதற்குக் கீழே முட்டை இருக்கிறது. நாயைக் கயிற்றில் கட்டிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், செத்த சால்மனைத் தின்னவே விடாதீர்கள். பச்சைச் சால்மனில் இருக்கும் ஒட்டுண்ணியால் நாய்க்கு உயிருக்கே ஆபத்தான நோய் வரும். குழம்புக்குக் கடையில் வாங்குங்கள். எந்த நீரில், எந்த மாதம், எந்த மீனைப் பிடிக்கலாம் என்பதற்கு மாநில உரிமமும் விதியும் உண்டு, ஓடையில் முட்டையிடும் மீனின் சதையும் ருசிக்காது.

கேள்வி (லின்வுட் ஆசிரியை ஒருவர்): எங்கள் பள்ளியிலும் தொடங்க ஆசை. பணம் அதிகமில்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஒரு தெர்மாமீட்டர், ஒரு ஆக்சிஜன் சோதனைப் பெட்டி, ஒரு வலை, நனையாத தாள், பென்சில். மழையில் மை கரையும், அதனால் பேனா வேண்டாம். முதலில் ஓடை யாருடைய நிலத்தில் ஓடுகிறது என்று பார்த்து அனுமதி வாங்குங்கள். பூச்சிகளைப் பிடித்துப் பார்ப்பதற்கு மாநில மீன்வளத் துறையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். எவரெட்டில் மெக்காலம் பூங்காவில் அடாப்ட் எ ஸ்ட்ரீம் அமைப்பு இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான், பயிற்சி கேளுங்கள்.

இடம் ஒன்று போதும். மூன்று இடம் என்று தொடங்கி நாலாவது மாதம் கைவிடுவதைவிட ஒரே இடத்தில் ஐந்தாண்டு அளப்பது மேல். ஜூனில் பள்ளி மூடும் முன், கோடையில் யார் யார் போவது என்று பெற்றோரிடம் பெயர் வாங்கிவிடுங்கள், ஆகஸ்டை விட்டுவிடாதீர்கள். ஓடைக்குப் போகிற வழியில் தெருவில் மழைநீர் வடிகால் வாய் எங்கெங்கே இருக்கிறது என்று பிள்ளைகளையே வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். முதல் பெருமழை அன்று அந்த வாய்களுக்குள் என்ன போகிறது என்று குடையோடு நின்று பார்ப்பதுதான் இரண்டாவது பாடம். வாசலில் கார் கழுவும் சோப்புத் தண்ணீர் எங்கே போகிறது என்று அன்றைக்கே வீட்டில் கேள்வி வரும். காரைப் புல்தரையில் நிறுத்திக் கழுவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கார் கழுவும் கடைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். முதல் ஆண்டுப் பட்டியல் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், மோசமான எண்களையும் சேர்த்து, இதே பக்கத்தில் போடுகிறேன்.